பழைய கிட்டார் ஆம்ப்பிற்கு எந்த ஸ்பீக்கர்?

பழைய கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று கைக்கு வந்துவிட்டது. 1960களிலோ 70களிலோ செய்தது. முன்பக்கத் துணி கிழிந்திருக்கிறது, ஆனால் வால்வுகள் (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) ஒளிர்கின்றன, சத்தமும் வருகிறது. கொஞ்சம் ஏற்றி வைத்தால் மட்டும் கரகரவென்று ஏதோ கூடவே அடிக்கிறது. உடனே எல்லாரும் கேட்கிற கேள்வி, "எந்த ஸ்பீக்கர் போட்டால் நல்ல டோன் வரும்?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் டோன் கடைசியில் வருகிற விஷயம். அதற்கு முன்னால் இருக்கிற நான்கைந்து கேள்விகளுக்கு மல்டிமீட்டரும் அளவு டேப்பும் பதில் சொல்லிவிடும், காதுக்கு அங்கே வேலையே இல்லை. அவற்றைத் தாண்டி வந்தால் நூறு ஸ்பீக்கர்களில் ஐந்தாறுதான் மிஞ்சும், அந்த ஐந்தாறுக்குள் காதை வைத்துத் தேடுவது சுலபம்.

கெட்டது ஸ்பீக்கர்தானா?

கரகரப்பு எல்லாமே ஸ்பீக்கரிலிருந்து வருவதில்லை. தளர்ந்த ஸ்க்ரூ, ஸ்பீக்கர் மாட்டியிருக்கும் பலகையில் விரிசல், ஆடுகிற வால்வு, முன்பக்கத்தில் கழன்று நிற்கும் பெயர்ப்பலகை என்று எது வேண்டுமானாலும் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் கூடச் சேர்ந்து அதிரும். சத்தமே மெலிந்து, பாஸ் குழகுழவென்று கேட்டால் பவர் சப்ளையில் இருக்கிற பழைய கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கலாம். அதனால் முதல் வேலை, அதே ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) உள்ள வேறொரு நல்ல ஸ்பீக்கர் பெட்டியை அந்த ஆம்ப்பில் இணைத்துக் கேட்பது. அதிலும் கரகரத்தால் ஸ்பீக்கர் நிரபராதி, பணத்தை வேறு பக்கம் செலவழியுங்கள்.

அப்புறம் ஸ்பீக்கரையே பாருங்கள். ஆம்ப்பை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு கட்டைவிரல்களையும் கோனின் (முன்னால் தெரியும் காகிதக் கூம்பின்) நடுவிலிருக்கும் மூடிக்கு இருபுறமும் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்பினால் நல்லது. மணல் தாளில் தேய்ப்பதுபோல் உரசினால் வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் ஒயர்ச் சுருள், காந்தத்தின் இடைவெளியில் உரசுகிறது என்று அர்த்தம். ஒரு பக்கமாக அழுத்திவிட்டு உரசுகிறதே என்று பயப்படாதீர்கள், சாய்த்து அழுத்தினால் எல்லா ஸ்பீக்கரும் உரசும். பிறகு மீட்டரை ஓமில் வைத்து இரண்டு முனைகளையும் தொடுங்கள். எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கலாம், அல்லது முனையிலிருந்து கோனுக்குப் போகிற பின்னல் ஒயர் விட்டிருக்கலாம். பின்னல் ஒயர் என்றால் கை தேர்ந்தவர் அரைமணியில் சரிசெய்துவிடுவார்.

கோனில் சிறிய கிழிசல் மட்டும் என்றால் மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையால் ஒட்டினாலே பல வருடம் ஓடும். காயில் போயிருந்தால் ரீகோன் செய்யலாம், அதாவது சட்டமும் காந்தமும் அப்படியே இருக்க, கோனையும் காயிலையும் மட்டும் புதிதாகப் போடுவது. அரிய ஸ்பீக்கருக்கு இது செய்யத் தகுந்தது. சாதாரண ஸ்பீக்கருக்குப் புதிது வாங்குவதே புத்திசாலித்தனம்.

பழசின் முதுகைப் படியுங்கள்

கழற்றியதும் தூக்கிப் போடாமல் பின்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். அமெரிக்க ஸ்பீக்கராக இருந்தால் சட்டத்திலோ காந்த மூடியிலோ ஆறு அல்லது ஏழு இலக்க எண் ஒன்று அச்சடித்திருக்கும். முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர்: 220 என்றால் ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்ட், 328 யூட்டா, 137 சிடிஎஸ், 285 ரோலா. எமினென்ஸுக்கு மட்டும் 67 என்று இரண்டே இலக்கம். அடுத்து வருவது வருடம், கடைசி இரண்டு இலக்கம் வாரம். 220632 என்று இருந்தால் ஜென்சன், 6-இல் முடியும் வருடத்தின் 32-ஆவது வாரம். அது 1956-ஆ 1966-ஆ என்பதை ஆம்ப்பின் மற்ற பாகங்களை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். வால்யூம் கன்ட்ரோல்களிலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் இதே மாதிரி எண் இருக்கும். எல்லாம் ஒரே காலத்தைக் காட்டினால் அந்த ஸ்பீக்கர் ஆம்ப்போடு பிறந்ததுதான், அதை விற்கவும் வேண்டாம் வீசவும் வேண்டாம். பிரிட்டிஷ் செலஸ்டியனில் டி என்ற எழுத்தோடு தொடங்கும் எண் எந்த மாடல், எந்த வகை என்பதைச் சொல்லும்.

ஜென்சன் மாடல் பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது. பி12ஆர் என்றால் பி அல்னிகோ காந்தம், 12 அங்குலம், ஆர் என்பது காந்தமும் காயிலும் எவ்வளவு பெரியவை என்ற வரிசையில் சிறிய பக்கம். க்யூ அதைவிடப் பெரிது, என் இன்னும் பெரிது. சி என்று தொடங்கினால் செராமிக் காந்தம். எஃப் என்று தொடங்கினால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

எஃப் என்றால் ஃபீல்டு காயில். நல்ல நிரந்தரக் காந்தம் மலிவாகக் கிடைக்காத காலத்தில், 1930களிலும் 40களிலும், ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு பெரிய மின்காந்தச் சுருளை வைத்து அதற்கு ஆம்ப்பின் உயர் மின்னழுத்தத்தையே கொடுத்தார்கள். அந்தச் சுருள் காந்தமாகவும் வேலை செய்யும், பவர் சப்ளையின் இரைச்சலை வடிகட்டும் சோக்காகவும் வேலை செய்யும். அதைக் கழற்றிவிட்டு இன்றைய ஸ்பீக்கரை மாட்டினால் ஆம்ப் வேலையே செய்யாது. சுருளின் மின்தடைக்கும் அது தாங்கும் சக்திக்கும் ஈடான சோக்கோ ரெசிஸ்டரோ உள்ளே வைக்கவேண்டும். ஸ்பீக்கருக்கு இரண்டுக்கு மேல் ஒயர் போகிறது என்றால் சந்தேகப்படுங்கள். அந்த ஒயரில் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னழுத்தம் இருக்கும், புதிதாக இறங்கியவர் கைவைக்கவேண்டிய இடமில்லை. வால்வு ஆம்ப் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

ஓம்: இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்

வால்வு ஆம்ப்பில் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீக்கர் பக்கம் இத்தனை ஓம் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அதைச் சுற்றியிருப்பார்கள். குறைந்த ஓம் மாட்டினால் வால்வில் மின்னோட்டம் கூடி அது சீக்கிரம் தேயும். அதிக ஓம் மாட்டினால் மின்னழுத்தம் எகிறும். ஒன்றுமே மாட்டாமல் வாசித்தால் அந்த எகிறல் டிரான்ஸ்ஃபார்மரின் உள்காப்பையே துளைத்துவிடக்கூடும். பல ஃபெண்டர் ஆம்ப்களில் ஸ்பீக்கர் ஜாக்கில் எதுவும் செருகாதபோது அது தானே குறுக்கிணைப்பு ஆகும்படி வைத்தது இதற்காகத்தான். உங்கள் ஆம்ப்பில் அது இருக்கும் என்று நம்பிச் சோதனை செய்யாதீர்கள்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் கதை தலைகீழ். அதிக ஓம் மாட்டினால் சத்தம் குறையும், அவ்வளவுதான். குறைந்த ஓம் மாட்டினால் டிரான்சிஸ்டர்கள் சூடேறிப் போய்விடும்.

ஆம்ப்புக்கு எத்தனை ஓம் வேண்டும்? பின்பலகையில் எழுதியிருந்தால் நல்லது. இல்லையென்றால் அந்த மாடலின் சர்க்யூட் படத்தில் இருக்கும். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்பில் ஒரு 12 அங்குலம், 8 ஓம். ட்வின் ரிவெர்ப்பில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் பேரலலாக, அதாவது பக்கம் பக்கமாக இணைத்து, மொத்தம் 4. சூப்பர் ரிவெர்ப்பில் நான்கு 10 அங்குலம், எல்லாம் 8 ஓம், எல்லாம் பேரலல், ஆக 2 ஓம். வாக்ஸ் ஏசி30-இல் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை வரிசையாக, அதாவது சீரிஸில் இணைத்து 16 ஆக்கியிருப்பார்கள். மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் 16 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டிரண்டாக சீரிஸிலும் பேரலலிலும் கலந்து கடைசியில் மறுபடி 16-இலேயே வந்து நிற்கும். கணக்கு இவ்வளவுதான்: சீரிஸில் கூட்டுங்கள், ஒரே அளவுள்ளவை பேரலலில் இருந்தால் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரே பெட்டியில் வேறு வேறு ஓம் ஸ்பீக்கர்களைக் கலக்காதீர்கள், ஒன்று தன் பங்குக்கு மேல் வாங்கிக்கொள்ளும்.

மீட்டரில் அளந்துவிட்டு "8 ஓம் என்றார்கள், 6.5 தானே காட்டுகிறது" என்று பலர் பதறுவார்கள். மீட்டர் காட்டுவது நேர்மின்னோட்டத்துக்கான மின்தடை. ஸ்பீக்கரில் எழுதியிருப்பது ஆடியோ சிக்னலுக்கான இம்பீடன்ஸ், அது எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். தோராயமாக 3 முதல் 3.5 வரை காட்டினால் 4 ஓம், 6 முதல் 7 வரை காட்டினால் 8 ஓம், 12-13 காட்டினால் 16 ஓம் ஸ்பீக்கர்.

"கொஞ்சம் மாறினால் என்ன ஆகும்?" என்றும் கேட்பீர்கள். பழைய ஃபெண்டர்கள் ஒரு படி மேலேயோ கீழேயோ போனால் தாங்கும், கூடுதல் ஸ்பீக்கருக்கு என்று ஒரு பேரலல் ஜாக்கை அவர்களே வைத்திருக்கிறார்கள், அதில் செருகினாலே ஓம் பாதியாகிறது. ஆனால் எல்லா ஆம்ப்பும் அப்படி இல்லை. புதிதாகக் காசு கொடுத்து வாங்கும்போது சரியான ஓமையே கேட்டு வாங்குவதில் என்ன நஷ்டம்? பெரும்பாலான மாடல்கள் 8, 16 இரண்டிலும் வருகின்றன.

வாட் பற்றிச் சுருக்கமாக

ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு தாங்கும் என்பதுதான். அதிக வாட் ஸ்பீக்கர் போட்டால் சத்தம் கூடும் என்பது தவறான எண்ணம். வால்வு ஆம்ப்பை முழுக்கத் திருப்பி டிஸ்டார்ஷனில் (ஒலி சிதைந்து உறுமும்படி) வாசிக்கும்போது அதன் அறிவித்த வாட்டைவிட மிக அதிகமாக, கிட்டத்தட்ட இரண்டு மடங்குவரை வெளியே தள்ளும். அதனால் ஒற்றை ஸ்பீக்கர் என்றால் ஆம்ப்பின் வாட்டைப்போல் இரண்டு மடங்கு தாங்குவதாகப் பாருங்கள், 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப்புக்கு 40-50 வாட். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் சுமை பாதி பாதியாகப் பிரியும். இதற்கு மேல் போவதில் ஆபத்தில்லை, ஆனால் 200 வாட் ஸ்பீக்கரை 12 வாட் ஆம்ப்பில் மாட்டினால் அது தூங்கிக்கொண்டிருப்பதுபோல் ஒலிக்கும். பழைய சிறிய ஆம்ப்களின் அழகே, ஸ்பீக்கரும் ஆம்ப்போடு சேர்ந்து கொஞ்சம் திணறுவதில்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் நுழையுமா?

சிரிக்காதீர்கள். நான் முதல்முறை மாற்றியபோது ஓம் பார்த்தேன், வாட் பார்த்தேன், நாலு நாள் டோன் பற்றிப் படித்தேன், பெட்டியை அளக்கவில்லை. புது ஸ்பீக்கரின் காந்தம் பழசைவிட ஒரு சுற்றுப் பெரியது. வால்வுகள் நிற்கும் உலோகச் சட்டமான சேசிஸை மேலே மாட்டிப் பார்த்தால் ரெக்டிஃபையர் வால்வின் கண்ணாடி நேராகப் போய்க் காந்தத்தில் முட்டுகிறது. திருப்பி அனுப்பும் செலவு என் தலையில்.

ஆகவே பழைய ஸ்பீக்கரின் விளிம்பிலிருந்து காந்தத்தின் பின்பக்கம் வரை ஆழத்தை அளந்து எழுதுங்கள். காந்தத்தின் விட்டத்தையும் அளங்கள், அதைச் சுற்றி வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ரிவெர்ப் பெட்டி எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வால்வு சூடாகும், விரலளவு இடைவெளியாவது வேண்டும். புது மாடலின் அளவுப் படத்தைத் தயாரிப்பாளர்கள் வெளியிடுகிறார்கள், அதோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் வாங்கவேண்டும். பலகையில் நான்கு போல்ட்டா எட்டு போல்ட்டா, ஸ்பீக்கர் பின்னாலிருந்து மாட்டுகிறதா முன்னாலிருந்தா என்பதையும் பாருங்கள். முன்னால் மாட்டுகிற பெட்டி என்றால் கேஸ்கெட் (விளிம்பில் ஒட்டியிருக்கும் மெத்துப் பட்டை) எந்தப் பக்கம் வருகிறது என்பது முக்கியம்.

எடையையும் மறக்கவேண்டாம். நியோடிமியம் காந்தம் வைத்த 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 2 கிலோதான், செராமிக் அதைப்போல் இரண்டு மடங்கு, எலக்ட்ரோ-வாய்ஸ் ஈவிஎம்12எல் போன்றவை 8 கிலோவுக்கு மேல். அறுபது வருடப் பழைய பைன் பலகையில் அவ்வளவு கனத்தைத் தொங்கவிட்டு மாடிப்படி ஏறி இறங்கினால் பலகை என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

யாரும் பார்க்காத எண்: டெசிபல்

என்னைக் கேட்டால் ஓமுக்கு அடுத்து முக்கியமானது இதுதான், ஆனால் வாங்குபவர்கள் பெரும்பாலும் கண்ணை ஓட்டிவிட்டுப் போகிற எண்ணும் இதுதான். ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே சென்சிட்டிவிட்டி. கிட்டார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 94 முதல் 102 வரை இருக்கும். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் ஆம்ப்பின் வாட்டை இரண்டு மடங்காக்கவேண்டும், 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. 22 வாட் ஆம்ப்பில் 94 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டுவதும், 5.5 வாட் ஆம்ப்பில் 100 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டுவதும் சத்தத்தில் ஒன்றுதான். இப்படிப் பார்த்தால் ஸ்பீக்கர் மாற்றுவது என்பது புது ஆம்ப் வாங்குவதற்குச் சமம்.

எனவே முதலில் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆம்ப்பின் சத்தம் இப்போது போதவில்லையா, அதிகமா? டிரம்மரோடு வாசிக்கும்போது காணாமல் போகிறீர்கள் என்றால் 100-க்குப் பக்கமாகப் போங்கள். செலஸ்டியன் விண்டேஜ் 30, அதே நிறுவனத்தின் அல்னிகோ ப்ளூ, இரண்டும் 100 டெசிபல். கிரீன்பேக் ஜி12எம் 98. எமினென்ஸின் ஸ்வாம்ப் தாங் இன்னும் மேலே, 102. மாறாக, வீட்டில் வாசிக்கிறீர்கள், வால்யூமை 2-க்கு மேல் வைக்கமுடியாமல் ஆம்ப்பின் இனிமையான இடம் கைக்கு எட்டாமலே கிடக்கிறது என்றால் 95-96 பக்கம் வாருங்கள். அக்கம்பக்கத்தார் திட்டுவதற்குமுன் இன்னும் ஒரு புள்ளி ஏற்றி வைக்கலாம். ஒரு எச்சரிக்கை, ஒவ்வொரு நிறுவனமும் அளக்கும் விதம் கொஞ்சம் வேறு, அதனால் 1 டெசிபல் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டாம்.

காரில் போடுகிற ஊஃபரோ வீட்டு ஹைஃபை ஸ்பீக்கரோ அதே 12 அங்குலம்தானே, மாட்டிவிடலாமா என்றால், வேண்டாம். கிட்டாரின் தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. கிட்டார் ஸ்பீக்கர் அதையொட்டித் தொடங்கி 5,000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் சட்டென்று இறங்கிவிடும். அந்த இறக்கம் இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் கொசுக்கூட்டம்போல் கேட்கும். கார் ஊஃபர் இதற்கு நேர்மாறு, கனமான கோன், குறைந்த டெசிபல், மேல் சுரங்களே எட்டாது.

சரி, இப்போது டோன்

இங்கே வரும்போது பட்டியல் சிறுத்திருக்கும். அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகம். அழுத்தி வாசித்தால் லேசாக அமுங்கிக் கொடுக்கும், மெதுவாக வாசித்தால் மணிபோல் இருக்கும் என்பது பொதுக் கருத்து, என் காதும் ஓரளவு ஒத்துக்கொள்கிறது. செராமிக் இறுக்கமானது, வேகமானது, விலை குறைவு. 1978-இல், கோபால்ட் வெட்டியெடுக்கப்பட்ட ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டுச் சண்டையால் அதன் விலை ஏறியபோது, ஏற்கனவே செராமிக் பக்கம் சாய்ந்திருந்த தயாரிப்பாளர்கள் முழுக்கவே மாறினார்கள். ஆனால் காந்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது, உறையின் நிறத்தைப் பார்த்துக் கத்தி வாங்குவது மாதிரி. கோனின் தடிமன், அதன் விளிம்பு மடிப்பு, நடு மூடி, காயிலின் அளவு எல்லாம் சேர்ந்துதான் குரல்.

ஆரம்பிப்பவருக்கு என் சிபாரிசு, ஆம்ப்போடு பிறந்த ஸ்பீக்கரின் குடும்பத்திலேயே தேடுங்கள். பழைய ஃபெண்டர் என்றால் ஜென்சன் வகை: பளிச்சென்ற மேல்பகுதி, இறங்கிய நடுப்பகுதி. ஜென்சன் பெயரில் இத்தாலியில் செய்யப்படும் மறுபதிப்புகள் இருக்கின்றன, எமினென்ஸிலும் வெபரிலும் அதே குணத்தில் கிடைக்கும். வாக்ஸ், மார்ஷல் என்றால் செலஸ்டியன் வகை, நடுப்பகுதி முன்னால் வந்து பேசும். ஃபெண்டரில் செலஸ்டியன் போடக்கூடாது என்று சட்டமில்லை, பலர் போட்டு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால் அது ஆம்ப் எப்படி ஒலிக்கவேண்டும் என்று தெரிந்த பிறகு செய்யும் காரியம். ஏற்கனவே கூசுகிற ஆம்ப்பில் இன்னும் பளிச்சிடும் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு டிரெபிள் கன்ட்ரோலைப் பூஜ்யத்தில் வைத்து வாசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் கேட்கும் ஒலிப்பதிவுகளில் மைக்கை இரண்டு அங்குலம் நகர்த்தினாலே குரல் மாறிவிடும். ஒரே ஆள், ஒரே மைக், ஒரே இடம் என்று நான்கைந்து ஸ்பீக்கரை ஒப்பிட்டிருந்தால் மட்டும் நம்புங்கள்.

மாட்டும்போது

பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்பீக்கர் மாற்ற பெரும்பாலும் சேசிஸைத் திறக்கவேண்டாம். திறக்கவேண்டி வந்தால் உள்ளே கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், அணைத்த பிறகும் இருக்கும், அதை வெளியேற்றத் தெரியாதவர் தொடவேண்டாம். மேஜையில் இரும்புத் தூள் இருந்தால் முதலில் துடையுங்கள், காந்தம் இழுத்து இடைவெளிக்குள் போட்டுக்கொண்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. கோனின் மேல் ஒரு அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், வழுக்குகிற ஸ்க்ரூடிரைவரால் கிழிந்த புது ஸ்பீக்கர்களுக்குக் கணக்கே இல்லை. நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கேஸ்கெட் அமுங்கினால் போதும், மூச்சைப் பிடித்து முடுக்கினால் சட்டம் கோணிக் காயில் உரச ஆரம்பிக்கும்.

இரண்டோ நான்கோ ஸ்பீக்கர் என்றால் எல்லாம் ஒரே திசையில் அசையவேண்டும், இல்லையென்றால் ஒன்றையொன்று அழித்து பாஸ் காணாமல் போகும். ஆம்ப்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் முன்னால் வரும். பழைய ஜேபிஎல் என்றால் பின்னால் போகும், அவர்கள் அந்தக் காலத்தில் தலைகீழாகக் குறித்திருந்தார்கள், அதனால் ஜேபிஎல்லை வேறொன்றோடு சேர்க்கும்போது ஒயரை மாற்றிக் கொடுக்கவேண்டும்.

முதல் நாள் கேட்டுவிட்டுத் திட்டாதீர்கள். புதுக் கோன் விறைப்பாக இருக்கும், டிரெபிள் குத்தும். பத்து இருபது மணிநேரம் ஓரளவு சத்தமாக வாசித்தால் தளர்ந்துவிடும். பழைய ஸ்பீக்கரைக் கோனில் எதுவும் அழுத்தாதபடி ஒரு பெட்டியில் வைத்து, அதன் போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு, எந்த ஆம்ப்பிலிருந்து எடுத்தது, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.